ஞாயிற்றுக்கிழமை வந்த வலி

2024ஆம் ஆண்டு ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வெயில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. சட்டையை நனைக்காமல் மூக்குக்கண்ணாடியை மட்டும் நனைக்கிற சாரல். பீளமேட்டில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவியும் ஆலயத்துக்குப் புறப்பட்டோம். எட்டு மணிக்கு ஆராதனை. நடந்தால் முப்பத்தைந்து நிமிடம் ஆகும். பதினைந்து நிமிடம் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் எப்போதும் கிளம்புவேன். வழியில் ஏதாவது நடந்துவிட்டால்? எழுபத்தேழு வயது வரை ஒன்றும் நடந்ததில்லை. அன்றைக்கு நடந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாடிப்படியை எண்ணுவேன். மாத்திரையை எண்ணுவேன். ஆயர் எத்தனை நிமிடம் பிரசங்கம் செய்தார் என்று பார்ப்பேன். எண்ணி முடித்த பிறகு, சரியாக எண்ணினோமா என்று கவலைப்படுவேன். கடவுளும் மேலே உட்கார்ந்து இப்படித்தான் எண்ணிக்கொண்டிருப்பார் என்று உள்ளூர ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. வாயால் அப்படிச் சொல்லமாட்டேன். கிருபை, தகுதி பார்க்காமல் அவர் தரும் இரக்கம், என்றுதான் சொல்வேன். ஜெபத்திலும் சொல்வேன். ஆனால் நடப்பது என்னவோ மதிப்பெண்ணுக்குப் பயந்த பையனைப் போலத்தான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சில சட்டங்கள் உண்டு. அன்று பணத்தைத் தொடக்கூடாது. எதையும் வாங்கக்கூடாது. பஸ், ஆட்டோ ஏறக்கூடாது. ஏறினால் நமக்காக இன்னொருவன் வேலை செய்ததாகிவிடும். அடுப்பு காலைக் காப்பிக்கு மட்டும். மதியத்துக்குச் சனிக்கிழமையே கிளறி வைத்த புளிசாதம். காணிக்கையைக்கூடச் சனிக்கிழமை மாலையே கவரில் போட்டு ஒட்டிவிடுவேன். பர்ஸ், செல்போன் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பேன். பெங்களூரில் இருக்கும் என் மகள், "அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை சிக்னல் கெடையாது" என்று கேலி செய்வாள்.

இந்தச் சட்டம் வந்த வழி வேறு. அதையும் சொல்ல வேண்டும். என் தாத்தா அன்னூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையத்தில் ஆள்காரராக இருந்தார். வாரத்துக்கு ஏழு நாளும் வேலை. மாட்டுக்குக் கால் நொண்டினால் ஒரு நாள் கட்டிப் போடுவார்கள்; ஆளுக்கு அதுவும் கிடையாது. அவர் கிறிஸ்தவரான பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்று பண்ணையக்காரர் முன்னால் போய் நின்று சொன்னாராம். அந்த வாரம் கூலியாகத் தரவேண்டிய சோளத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் போகவில்லை. எங்கள் வம்சத்தில் ஒரு மனிதன் முதன்முதலாகப் பகலில் காலை நீட்டிப் படுத்தது அன்றைக்குத்தான் என்று அப்பா சொல்வார். அப்படிக் கிடைத்த நாளை விட்டுவிடக்கூடாது என்று அப்பா சில விதிகளைப் போட்டார். அப்பா போட்டதோடு நானும் கொஞ்சம் சேர்த்தேன். அவ்வளவுதான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு முடிச்சுப் போட்டது. தாத்தா படுத்துத் தூங்கிய நாளில் நான் எதையாவது மீறிவிட்டேனோ என்று காலையிலிருந்து ராத்திரி வரை பதறிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆலயத்துக்குப் போகும் வழியில் ஒரு கறிக்கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கட்டம் போட்ட லுங்கி, முன்னால் பிளாஸ்டிக் அங்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடையில் எப்போதும் கூட்டம் நிற்கும். பத்துப் பதினைந்து பேர் தூக்குவாளியோடும் பையோடும் வரிசையில் இருப்பார்கள். அந்த இடம் வந்ததும் நான் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய்விடுவேன். ஆட்டுக்கறிமேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அதே கடையில் வாங்கியும் இருக்கிறேன். ஓய்வுநாளில் நடக்கும் வியாபாரத்துக்குப் பக்கத்தில் வேத புத்தகத்தோடு போகக்கூடாது என்பது என் எண்ணம்.

அன்றும் கடந்தேன். எப்போதும்போல் நான் முன்னால், அவள் பின்னால். மணி ஏழு முப்பத்திரண்டு. திரும்பிப் பார்த்தபோது அவள் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாகுது, எந்திரி" என்றேன்.

"நீங்க போங்க. நான் சித்த நேரம் உக்காந்துட்டு வாரேனுங்க" என்றாள்.

அது என்னை எரிச்சல்படுத்தியது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். கிட்டே போனேன். அந்தக் குளிர்காற்றில் அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, வாயு" என்றாள்.

பாடப்புத்தகத்தில் படம் போட்டதைப் போல எல்லா அறிகுறியும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. சட்டைப் பையைத் தொட்டேன். காணிக்கைக் கவர். மறு பையைத் தொட்டேன். கைக்குட்டை. செல்போன் பீரோவில். பர்ஸ் பீரோவில். அவள் முன்னால் நின்று என் சொந்தப் பைகளையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங் வாத்தியாரே, அம்மாவுக்கு என்னாச்சுங்க?"

கறிக்கடைக்காரர். நான் பதில் சொல்வதற்குள் அவர் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து, "அக்கா, நெஞ்ச அடைக்குதுங்களா?" என்றார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம் தலையை ஆட்டினாள். என்னிடம் வாயு என்றவள், முன்பின் பேசியிராத ஒருவரிடம் ஆமாம் என்கிறாள். அந்த நேரத்திலும் அது எனக்கு உறைத்தது.

கடை வரிசையில் நின்ற ஒருவர், "ஏனப்பா, என்ற ஒண்ணரைக் கிலோ கறி என்னாச்சு?" என்று சத்தம் போட்டார்.

"ஊட்டுக்காரி போட்டுக் குடுப்பா. அவ என்னைய விட நல்லாவே வெட்டுவா. அவசரம்னா நீங்களே வெட்டிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் பழைய வேனை எடுத்துவந்தார். ஆடு ஏற்றிவரும் வண்டி. உள்ளே வைக்கோல், ஆட்டுப்புழுக்கை, நனைந்த கம்பளி வாசனை. இருக்கையில் இருந்த சாக்கை உதறிவிட்டு அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்.

ஏறும்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "பர்ஸ் எடுத்துட்டு வரலீங்க" என்றேன்.

"பர்ஸு எதுக்குங்க இப்போ? அவிங்க கையக் கெட்டியாப் புடிங்க" என்றார்.

பிடித்தேன். ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. பிடித்துக்கொண்டு, வாடகை வண்டி ஏறக்கூடாது என்பது வாடகை தராத வண்டிக்கும் பொருந்துமா என்று என் மனசு தன் பாட்டுக்கு ஓடியது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அவிநாசி சாலையில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நிமிடத்தில் வந்தோம். அவளைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து உடனே உள்ளே கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரைகளை மென்று விழுங்கச் சொன்னார்கள். இளவயது டாக்டர் ஒருவர் என்னிடம் திரும்பி, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க? சரியாச் சொல்லுங்க, அத வெச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்" என்றார்.

எதையும் எண்ணிக்கொண்டே இருக்கிற எனக்கு அது தெரியவில்லை. ஏழு முப்பத்திரண்டு என்று வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து அவள் குரல் மெல்ல வந்தது.

"அஞ்சு மணிக்குங்க."

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "காலையில அஞ்சு மணிக்கா? இத்தன நேரம் எதுக்கு அம்மா பொறுத்துட்டு இருந்தீங்க?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்களே."

"நாங்க ஞாயித்துக்கிழமையும் தொறந்துதானுங்க இருக்கோம்" என்று டாக்டர் அவளைத் தைரியப்படுத்துகிற மாதிரி சிரித்தார்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஐந்து மணிக்கு வலி வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, இன்று பீரோ திறக்கக்கூடாது, வண்டி பிடிக்கக்கூடாது, மருந்து வாங்கக்கூடாது, நாளைக்குத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்குக் காப்பி போட்டுத் தந்திருக்கிறாள். புடவை மாற்றி, முப்பத்தைந்து நிமிட நடையில் இருபத்திரண்டு நிமிடம் நடந்தும் வந்திருக்கிறாள். இரண்டரை மணி நேரம். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

உடனே ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் காப்பீட்டு அட்டை கேட்டாள். வீட்டில் இருக்கிறது என்றேன். சரி, அதுவரை பத்தாயிரம் முன்பணம் கட்டிவிடுங்கள், அட்டை வந்ததும் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவள் முறையாகத்தான் பேசினாள். நான்தான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மறுபடியும் காணிக்கைக் கவருக்குப் போயிற்று. அது எனக்கு உரிய பணம் இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. கறிக்கடைக்காரர் இடுப்புப் பையைத் திறந்து விடிகாலையிலிருந்து வந்த வியாபாரக் காசை எடுத்து மேலே வைத்தார். ஐந்நூறு, இருநூறு, நூறு, ஐம்பது எல்லாம் கலந்திருந்தது. சில தாள்கள் நனைந்திருந்தன. ஒன்றில் கொழுப்புக்கறை. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எண்ணினாள். பழக்கதோஷத்தில் நானும் கூடவே எண்ணினேன். பத்தாயிரம் சரியாக இருந்தது.

எந்தக் காசுக்குப் பயந்து வாராவாரம் சாலையின் மறுபக்கம் போனேனோ, அந்தக் காசுதான் அன்றைக்கு என் மனைவியை உள்ளே அனுப்பியது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. "எழுதி வெச்சுக்கங்க" என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

பிறகு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார், அட்டை எடுக்க. அவர் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பீரோ முன்னால் போய்ச் சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. கை நின்றுவிட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அட்டை உள்ளே இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. ஆனாலும் எழுபது வருஷப் பழக்கம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தாத்தா சோளக்கூலியை விட்டுக்கொடுத்துக் காத்த நாள். இன்று நான் திறந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? திறக்காவிட்டால் ஆகிவிடுமோ? இரண்டு பயமும் ஒரே சமயத்தில் வந்தன. வெளியே வேன் ஹாரன் ஒருமுறை அடித்தது. திருப்பிவிட்டேன்.

அவரே திரும்பக் கொண்டுவந்து விட்டார். ஆஸ்பத்திரி வாசலில், "நல்லாயிருமுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவர் கடைக்கு வாரத்திலேயே பெரிய வியாபாரம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

நான் திரும்பி வந்த பிறகும் உள்ளே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன். நடந்தால் தரையின் கல்லை எண்ணத் தோன்றியது. எண்ணினால் கோபம் வந்தது. வாழ்நாளில் காசு செலவழிக்காமல் காத்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கடவுள் முன்னால் அடுக்கி, இதற்குப் பதிலாக அவளைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தானே அவளை ஐந்து மணியிலிருந்து வாயை மூடவைத்தன? அவற்றையே எடுத்துப் போய் எப்படி நீட்டுவது? அதற்குப் பிறகு என்னிடம் நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "இரக்கம் வையும்" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. ஆலயத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அன்றைக்குத்தான் அது எனக்குத் தேவைப்பட்டது.

பத்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்து, அடைப்பு எடுத்துவிட்டோம், ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் வந்தார். முப்பத்து நான்கு வயதுப் பிள்ளை. முதல் பெஞ்சில் எங்கள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அட்டை எடுக்கப் போனபோது நான் சொல்லிவிட்டு வந்திருந்த பக்கத்து வீட்டில் விசாரித்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆட்டோவில் வந்திருந்தார். கையில் வெட்டிய இளநீர் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. என் பார்வை அங்கே போனதை அவர் கவனித்துவிட்டார்.

"ஐயா, குடிங்க. எளனிக்காரரு ஓசியிலதான் குடுத்தாருன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

குடித்தேன். குடித்துவிட்டு, "தம்பி, நான் இன்னைக்கு மீறிட்டனுங்களா, இத்தன வருஷமும் மீறிட்டு இருந்தனுங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "வாராவாரம் நான் கிருபையைப் பத்தித்தான் பேசறேன். நீங்க வெளிய வந்து, 'இன்னைக்கு இருபத்தாறு நிமிஷம்'னு சொல்லுவீங்க. என்ன சொன்னேன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தோளில் கை வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். அன்று நான் நேரம் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மகள் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. அவர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் அவளைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும் உள்ளே திரும்பி மனைவியிடம், "அக்கா பொழச்சுக்கிட்டாங்களாமா" என்றார். பத்தாயிரத்தை நீட்டினேன். ஈரக்கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. உடனே இரண்டாவது கவரை எடுத்தேன். அதில் ஐயாயிரம் இருந்தது. வேனுக்கு டீசல், கெட்டுப்போன இரண்டு மணி நேர வியாபாரம், எல்லாவற்றையும் ராத்திரி உட்கார்ந்து போட்டு வைத்திருந்தேன்.

"இது என்னதுங்க?"

கணக்கைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங் வாத்தியாரே, அக்காவ எடை போட்டுப் பார்த்தா வண்டியில ஏத்துனேன்?"

உள்ளே இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். நான் கவரை நீட்டியபடியே நின்றேன். மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பத்தாயிரம் என்னுது, வாங்கிக்கிட்டேன். இது என்னுது இல்லீங்க. எடுத்து உள்ள வெய்ங்க. எனக்குப் பொல்லாப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். என் காலுக்கடியில் தண்ணீர் வந்தது. நகர்ந்து நின்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த ஐயாயிரத்தோடு மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் சட்டைப் பையில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இருப்பது எனக்கு வியாதிபோல. மனைவி தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் கோபப்படுவேன் என்றா என்று கேட்டேன்.

"கோவத்துக்குப் பயப்படலீங்க. பீரோவைத் தொறந்துபோட்டு அப்புறம் வருஷம் பூரா அதையே நெனச்சு நெனச்சு நீங்க உருகுவீங்க. எதுக்குத் தண்டனை, என்ன தப்பு பண்ணோம்னு என்னையும் கேட்டுட்டே இருப்பீங்க. அதுக்கு இந்த வலியே தேவலைன்னு இருந்துட்டேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், இட்லியைப் பிட்டுக்கொண்டே. என் சட்டங்களுக்கு அவள் பயப்படவில்லை. சட்டங்களுக்குப் பயப்படுகிற என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணமான நாற்பத்தொன்பது வருஷமாக.

எனக்குத் தாங்கவில்லை. உடனே ஒன்று சொன்னேன். இதற்கு நன்றியாக இனி நாற்பது நாள் ஒரு வேளை உபவாசம் இருக்கப்போகிறேன், அந்த ஐயாயிரத்தையும் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நன்றி சொல்ல வேண்டாமா?"

"சொல்லுங்க. யாரு வேண்டாம்னா? குடுத்தத வாங்கிக்கிட்டு 'சந்தோஷமுங்க'ன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு? உடனே பில்லு போடோணுமா?" மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். "நீங்க பட்டினி கெடந்து மயங்கி விழுந்தா, பாவம், அந்தக் கறிக்கடைக்காரரு மறுக்காவும் கடைய உட்டுப்போட்டு வரோணும்."

உபவாசம் இருக்கவில்லை. இருக்காததற்கும் ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரே நாளில் மனம் மாறிப்போனது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு அப்படி ஆகவில்லை. அவள் வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை செல்போனைப் பீரோவில் வைக்கவில்லை. மேசைமேல் வைத்தேன். அது ஒரு தேளைப்போல அங்கேயே கிடந்தது. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மதியம் மகள் கூப்பிட்டாள். எடுத்தேன். "அப்பா, சிக்னல் வந்துருச்சா!" என்று கத்தினாள். தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அந்த நாளைக் கடவுள் தனக்குச் சும்மா கொடுத்தார் என்று நம்பி அவர் காலை நீட்டிப் படுத்தார். நானோ அதை வாடகைக்கு எடுத்தவன்போல வாராவாரம் கட்டிக்கொண்டிருந்தேன். தாத்தா பார்த்தால் சிரித்திருப்பாரா, திட்டியிருப்பாரா என்று தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் மெதுவாக நடக்கலாம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு நடந்தே போகலாம் என்று அவள்தான் சொன்னாள். புறப்படும்போது சட்டைப் பையில் பணம் எடுத்து வைத்தேன். வைக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்தமுறை அவள் பக்கத்திலேயே நடந்தேன். பாதி வழி தாண்டியதும் அவள் நின்றாள்.

"ஏனுங்க."

சட்டென்று அவள் கையைப் பிடித்தேன்.

"பதறாதீங்க, நெஞ்சு இல்லீங்க. முட்டி வலிக்குது. இதுக்கு மேல என்னால நடக்க முடியாதுங்க. ஒரு ஆட்டோ புடிங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் பயமாகத்தான் இருந்தது. எங்கள் சபைக் குடும்பம் ஒன்று ஸ்கூட்டரில் எங்களைத் தாண்டிப் போனது, கை காட்டினார்கள். ஒரு காலி ஆட்டோ வந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அது போய்விட்டது. அவள் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள். அடுத்த ஆட்டோ வந்தபோது கையைத் தூக்கினேன்.

டிரைவர் எண்பது கேட்டார். என்னையறியாமல் "எழுபது" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எண்பதுக்கே ஏறினோம். ஆலய வாசலில் நின்று, எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருக்க, பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கியது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பணத்தை எடுத்தால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. அந்த நடுக்கத்தோடேயே என்னை ஏற்றுக்கொள்கிற ஒருவரிடம்தான் போகிறேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தனக்கு வலிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் சொல்லலாம் என்று என் மனைவி தெரிந்துகொள்ள நாற்பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குக் கடைசியில் எனக்கு ஆன செலவு எண்பது ரூபாய்.